கோர்த்-சுர்-சியெல் மலைக்கிராமத்தில் மதியச் சாப்பாடு: எங்கே உட்காரலாம்?

தென்மேற்கு பிரான்சில் துலூஸ், அல்பி பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளைக் கோர்த்-சுர்-சியெல்லுக்கு ஒதுக்குகிறார்கள், ஒதுக்கவும் வேண்டும். அல்பியிலிருந்து 25 கிலோமீட்டர், துலூஸிலிருந்து ஏறக்குறைய 80. செரூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் தனியாக எழும்பி நிற்கிற ஒரு குன்று, அதன் மேல் துலூஸ் பிரபு ஏழாம் ரேமோன் 1222ல் உண்டாக்கிய ஊர். காலையில் காரைக் கீழே நிறுத்திவிட்டு, கடிகார வாசல் வழியாக மூச்சு வாங்க ஏறி, வீடுகளைப் பார்த்துக்கொண்டே உச்சியில் உள்ள சந்தை மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டாகிவிடும், வயிறும் கேட்க ஆரம்பித்துவிடும். எதிரே குடை விரித்த மேசைகள். யாருக்கும் மறு யோசனை வராது, உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த இடத்தில்தான் ஐந்து நிமிடம் யோசிக்கச் சொல்கிறேன். இந்த ஊரில் பணம் போவது சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை, காட்சிக்கும் சேர்த்துத்தான். அந்தக் காட்சியோ ஊரில் எங்கே நின்றாலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். பிரதான தெருவிலிருந்து விலகி, சந்துக்குள் இருக்கிற, வட்டாரச் சமையல் செய்கிற சின்ன உணவகத்தில் மதிய மெனு எடுத்துச் சாப்பிடுங்கள், பள்ளத்தாக்கை அப்புறம் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். என் சிபாரிசு இதுதான். ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது, வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்கும் சைவர்களுக்கும் கணக்கு வேறு. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் உச்சிச் சதுக்கத்து மேசைகள். நல்லதையும் சொல்ல வேண்டும்: பதினான்காம் நூற்றாண்டுக் கல் வீடுகளுக்கு நடுவே, கல் தூண்கள் தாங்கும் பழைய சந்தை மண்டபத்தைப் பார்த்தபடி சாப்பிடுவது சாதாரண அனுபவம் இல்லை. பக்கத்திலேயே வேட்டைக்காரர் வீடு என்று ஒன்று இருக்கிறது, அதன் முகப்பில் முயலும் பன்றியும் மானும் துரத்துகிற ஆட்களும் கல்லில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் ஆ லா கார்த் விலைதான், அதாவது ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை. முன்னுணவு 14 யூரோ, முக்கிய உணவு 24, இனிப்பு 9 என்று போனால் ஒருவருக்கு 47, நான்கு பேர் குடும்பத்துக்கு 188, இன்னும் குடிப்பதற்கு எதுவும் சொல்லவில்லை. ஆயிரம் பேர்கூட வாழாத ஊர், கோடையின் மூன்று நான்கு மாதத்தில் வருடத்துக்கான சம்பாத்தியத்தைப் பார்த்தாக வேண்டும், அதனால் விலையைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் வேறு. கூட்டம் நெருக்கும் ஆகஸ்ட் மதியத்தில் இப்படிப்பட்ட இடங்களில் சமையலறை திணறிப்போகிறது, தட்டு அவசரத்தில் வருகிறது, அந்த விலைக்கு அந்தத் தட்டு நியாயமாகப் படவில்லை. ஒரு காப்பியோ, ஒரு கிளாஸ் வைனோ வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவதற்கு அந்த மேசைகளை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவை பிரமாதம்.

இப்போது நான் சொல்கிற இடம். பிரான்சில் மெனு என்றால் நிர்ணய விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. திங்கள் முதல் வெள்ளி வரை மதியத்தில் மூன்று தட்டு மெனு சுமார் 17 முதல் 23 யூரோவுக்குள் கிடைக்கும், இரண்டு தட்டு போதும் என்றால் ஃபார்முல் என்று போட்டிருப்பார்கள், அது இன்னும் மூன்று நான்கு யூரோ குறைவு. அதே உணவகத்தில் ராத்திரி மெனு 30, 35 என்று ஏறிவிடும், சனி ஞாயிறில் மலிவு மெனு இருக்காது. அதாவது அதே சமையற்காரர், அதே அடுப்பு, அதே வாத்து, நேரம் மட்டும்தான் வேறு. கோர்த்துக்கு எந்த நாள் போவது என்பதே இன்னும் முடிவாகவில்லை என்றால் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். திங்களன்று பல இடங்கள் பூட்டியிருக்கும்.

நல்ல இடத்தை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். விலைப்பட்டியலை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், ஆகவே கூச்சப்படாமல் நின்று படியுங்கள். சாக்பீஸால் எழுதிய கரும்பலகையில் மூன்று முன்னுணவு, மூன்று முக்கிய உணவு, மூன்று இனிப்பு, அவ்வளவுதான் என்றால் நல்ல அறிகுறி. பீட்ஸா, பாயெல்லா, சிப்பி, காசுலே எல்லாம் ஒரே அட்டையில் ஐந்து மொழியில் படத்தோடு இருந்தால் நகர்ந்துவிடுங்கள், ஒரு சின்ன சமையலறையில் அத்தனையையும் புதிதாகச் செய்ய முடியாது. ஃபே மெசோன் என்ற முத்திரையையும் பாருங்கள், ஒரு பாத்திரத்துக்கு வீட்டுக்கூரை மூடி போட்டது போல ஒரு சின்னம், 2014ல் வந்தது. பச்சைப் பொருளை வாங்கி அந்த இடத்திலேயே சமைத்தார்கள் என்று அதற்கு அர்த்தம். எல்லாத் தட்டுக்கும் இல்லாமல் சில தட்டுக்கு மட்டும் போட்டிருந்தாலும் நம்பலாம், ஒளிக்காமல் சொல்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அங்கே என்ன சாப்பிடுவது? இது வாத்து நாடு. வெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் கிடைத்தாலும் தென்மேற்கு பிரான்சின் சமையல் வாத்துக் கொழுப்பில்தான் நிற்கிறது. கான்ஃபி என்பது வாத்துத் தொடையை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவைத்து, அதே கொழுப்பில் மூழ்கவிட்டுப் பாதுகாப்பது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பண்ணை வீடுகள் குளிர்காலத்தைக் கடக்கக் கண்டுபிடித்த வழி. பரிமாறும் முன் தோல் பக்கத்தைச் சூட்டில் காட்டி முறுகவைக்க வேண்டும். நல்ல இடத்தில் முள்கரண்டியால் தட்டினால் தோல் சத்தம் போடும், உள்ளே இறைச்சி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். தோல் தொய்ந்து, ரப்பர் போல இழுத்தால் அது மைக்ரோவேவிலிருந்து நேராக வந்தது. மெனுவில் கான்ஃபி இருந்தால் முதல் முறை போகிறவர்கள் அதையே எடுங்கள், சமையற்காரரின் கை அதில் தெரிந்துவிடும். பக்கத்தில் அதே கொழுப்பில் பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வறுத்த உருளைக்கிழங்கு வரும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது தூரான் என்ற பூண்டு சூப். இந்த மாவட்டத்திலேயே லோத்ரெக் என்று இன்னொரு குன்றூர் இருக்கிறது, அங்கே விளைகிற இளஞ்சிவப்புப் பூண்டு பிரசித்தம், 1996 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் உண்டு. அந்தப் பூண்டை நிறம் மாறாமல் கொழுப்பில் வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளையைக் கொதியில் இழை இழையாக விட்டு, மஞ்சள் கருவை வினிகரோடு அடித்துக் கடைசியில் சேர்ப்பார்கள். நம் பூண்டு ரசத்துக்குப் புளி எப்படியோ இதற்கு வினிகர் அப்படி, அது இல்லாவிட்டால் சப்பென்று போய்விடும். வயதான உள்ளூர்க்காரர்கள் சிலர் சூப் தீருகிற நேரத்தில் தட்டின் அடியில் கொஞ்சம் சிவப்பு வைனை ஊற்றிச் சுழற்றி அப்படியே வாயில் வைத்துக் குடிப்பார்கள், ஷப்ரோ என்று அதற்குப் பேர். பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள், மரியாதையான பழைய பழக்கம். தூரான் கோடையில் கிடைப்பது அரிது, அக்டோபருக்கு மேல் போனால் கேட்டுப் பாருங்கள்.

காசுலே பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். வெள்ளை பீன்ஸ், வாத்துக் கான்ஃபி, பன்றித் தொத்திறைச்சி, பன்றித் தோல் எல்லாம் மண் சட்டியில் மணிக்கணக்கில் அடங்கி வெந்த சாப்பாடு. அதன் சொந்த ஊர் நாங்கள்தான் என்று தெற்கே காஸ்தெல்நோதரி, கார்காசோன், துலூஸ் ஆகிய மூன்று ஊர்கள் இன்றும் உரிமை கொண்டாடுகின்றன. கோர்த்தில் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும், ஆனால் ஜூலை வெயிலில் ஒரு சட்டி காசுலேயைச் சாப்பிட்டுவிட்டு அந்தக் கல் படிகளில் ஏறி இறங்க முடியாது. அதை துலூஸில் ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குடிப்பதற்கு, போத்தலில் அடைத்த தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். கராஃப் தோ என்று சொன்னால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், சாப்பாட்டோடு அது இலவசம், ரொட்டியும் அப்படியே, தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது, மனது நிறைந்தால் இரண்டு யூரோ வைத்துவிட்டு வாருங்கள், கட்டாயம் இல்லை. வைன் குடிக்கிறவர்கள் பட்டியலைப் புரட்ட வேண்டாம், காயாக் வைனைக் கால் லிட்டரோ அரை லிட்டரோ பீஷே என்கிற ஜாடியில் கேளுங்கள். பக்கத்து ஊர்தான், ரோமானியர் காலத்திலிருந்தே திராட்சை போடுகிற பூமி. சிவப்பில் ப்ரோகோல், துராஸ், வெள்ளையில் மோசாக், லான் த லேல் என்று வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாத ரகங்கள். வாத்துக் கொழுப்புக்கு ப்ரோகோலின் அந்தத் துவர்ப்பு அவ்வளவு பொருத்தம்.

சரி, மேலே ஏறவே முடியாத பெற்றோர் கூட வந்திருந்தால்? அப்போது அடிவாரம்தான். சாலையோரத்தில், பூத்தெய்ரீ சதுக்கத்துப் பக்கம், வேலைக்குப் போகிறவர்கள் மதியம் சாப்பிடுகிற கடைகள் உண்டு. விலை இன்னும் இரண்டு மூன்று யூரோ குறையும், சில இடங்களில் கால் லிட்டர் வைனும் காப்பியும் அதிலேயே சேர்ந்துவிடும். வீட்டுச் சமையல் மாதிரியான சாப்பாடு, ரோஸ்ட், கிழங்கு, வெள்ளிக்கிழமை மீன். வட்டாரத் தட்டு தினமும் இருக்காது, இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் பரிமாறுகிற வேகம், வயிறு நிறைகிற அளவு, காரிலிருந்து இறங்கி நாலடியில் மேசை, இதெல்லாம் முழங்கால் வலிக்கிற அம்மாவுக்குக் கான்ஃபியைவிட முக்கியம். சாப்பிட்ட பிறகு அடிவாரத்திலிருந்து மேலே போகிற சின்னச் சக்கர ரயிலில் அவர்களை ஏற்றிவிடலாம், அது சீசனில் ஓடும். கீழே சாப்பிட்டுவிட்டு மேலே வண்டியில் போவது, மேலே நடந்து ஏறிச் சாப்பிடுவதைவிடப் பெரியவர்களுக்கு எல்லா வகையிலும் நல்லது.

கார் இருக்கிறது, நேரமும் இருக்கிறது என்கிறவர்களுக்கு ஃபெர்ம்-ஓபெர்ஜ், அதாவது பண்ணையே நடத்துகிற சாப்பாட்டுக்கூடம். கோர்த்தைச் சுற்றியுள்ள கிராமப்புறத்தில் இவற்றைத் தேடினால் கிடைக்கும். தட்டில் வருகிறதில் பெரும்பங்கு அந்தப் பண்ணையில் விளைந்தது, வளர்ந்தது. என்ன சமைக்கிறார்களோ அதுதான், பட்டியல் கிடையாது, முந்தைய நாளாவது போன் செய்ய வேண்டும், 28லிருந்து 35 யூரோ வரை ஆகும், சாப்பிட்டு எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆகும். ருசியை மட்டும் வைத்துச் சொன்னால் இந்த ஒப்பீட்டில் முதல் இடம் இதற்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே நாளில் ஊரையும் பார்த்துவிட்டு அல்பி தேவாலயத்தையும் பார்க்க நினைத்தால் பண்ணைச் சாப்பாடு அந்த நாளை விழுங்கிவிடும். இரண்டு ராத்திரி தங்குகிறவர்கள் மட்டும் யோசியுங்கள்.

சைவர்களுக்கு வருகிறேன், இதில் பூசி மெழுகப் போவதில்லை. இந்தப் பகுதி கஷ்டம். வாத்துக் கொழுப்பு சூப்பிலும் இருக்கும், உருளைக்கிழங்கிலும் இருக்கும், சாலட்டில் இறைச்சி இல்லை என்பார்கள், பன்றித் துண்டுகள் தூவியிருக்கும். வெஜிட்டேரியன் என்று மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள், நி வியான்த், நி புவசோன், நி லார்தோன், நி க்ரெஸ் த கனார் என்று நாலையும் சேர்த்தே சொல்லுங்கள், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றித் துண்டு வேண்டாம், வாத்துக் கொழுப்பு வேண்டாம் என்று. கபெக்கூ என்கிற சின்ன ஆட்டுப்பால் சீஸை ரொட்டியில் வைத்துச் சுட்டு, வால்நட்டும் தேனும் போட்டுத் தருகிற சாலட் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு, முட்டை சாப்பிடுகிறவர்கள் இலையுதிர்காலத்தில் செப் காளான் ஆம்லெட் கேட்கலாம். சீஸில் விலங்கு ரென்னெட் கூடாது என்கிறவர்கள் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். ஹலால் பார்க்கிறவர்களும் மெனுவில் வாத்தை நம்பிப் போக வேண்டாம், ட்ரவுட் மீனோ இந்த சாலட்டோதான் வழி, க்ரூஸ்தாத் என்ற ஆப்பிள் இனிப்பில் அர்மாஞாக் என்ற பிராந்தி சேர்ப்பது வழக்கம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்கிறவர்களுக்குக் கவலையே இல்லை.

குடும்பமே சைவம் என்றால் நான் உணவகத்தைச் சொல்லவே மாட்டேன், கூடையைச் சொல்வேன். சனிக்கிழமை காலையில் அடிவாரத்தில் சந்தை கூடும். ரொட்டி, கபெக்கூ, தக்காளி, கோடையில் முலாம்பழம், ஒரு பொட்டலம் கோர்த் க்ரோக்கான், எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 8 யூரோ தாண்டாது. மேலே சந்தை மண்டபத்தைத் தாண்டிப் போனால் ப்ரீத் சதுக்கம், மர நிழல், பெஞ்சு, கீழே செரூ பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும். உச்சிச் சதுக்கத்தில் காசு கொடுத்து வாங்கியதைவிட அகலமான காட்சி இது. க்ரோக்கான் என்பது முட்டை வெள்ளை, சர்க்கரை, மாவு, பாதாம் மட்டும் போட்டுச் சுட்ட மெல்லிய பிஸ்கட், ஓரம் பழுப்பாக, பாதாம் முழுசாகத் தெரிய, கடித்தால் உடைந்து சிதறும். இனிப்பு காயாக் வைனோடு சாப்பிடுவது ஊர் வழக்கம். மேலே உணவகத்தில் சாப்பிட்டவர்களும் இனிப்பை விட்டுவிட்டு இரண்டு தட்டு ஃபார்முலோடு எழுந்து, இந்தப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு இங்கே வந்து உட்காரலாம், எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

இன்னொரு கேள்வியும் வரும்: கோர்த்தேதானா, வேறு மலைக்கிராமம் கூடாதா? காஸ்தெல்நோ-த-மோன்மிரால் இதே 1222ல் இதே ரேமோன் உண்டாக்கியது, வளைவுத் தாழ்வாரம் சூழ்ந்த சதுக்கம், கூட்டம் மிகக் குறைவு. ஆனால் உணவகங்களும் குறைவு, போகிற நாளில் அடைத்திருந்தால் மாற்று இல்லை. வடக்கே அவெரோன் மாவட்டத்தில் நஜாக் இருக்கிறது, குன்றின் முதுகில் நீளமாகக் கிடக்கிற ஊர், நுனியில் கோட்டை. சைவர்களுக்கு நஜாக் பக்கம் ஒரு பெரிய அனுகூலம், ஆலிகோ. உருளைக்கிழங்கு மசியலில் புது தோம் சீஸும் கொஞ்சம் பூண்டும் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழ நீளத்துக்கு நாடா போல எழும்பி வரும் வரை அடிப்பார்கள். கூட வருகிற தொத்திறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வயிறார ஒரு சாப்பாடு. ரயிலில் வருகிறவர்களுக்கும் இந்த இரண்டு ஊர்களும் ஒரே பாதையில், துலூஸிலிருந்து கப்தெனாக் போகிற வண்டி. கோர்த்-விந்த்ராக் நிலையத்திலிருந்து ஊர் சுமார் 5 கிலோமீட்டர், டாக்சியை முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். நஜாக் நிலையம் ஆற்றங்கரையில், அங்கிருந்து ஏற்றம். வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டு மேசையை முடிவு செய்யுங்கள்.

நேரம் என்றதும், சமையலறை 12 மணிக்குத் திறந்து ஒன்றரை, மிஞ்சினால் இரண்டுக்கு மூடிவிடும். இரண்டே காலுக்குப் போய்க் கெஞ்சினாலும் சோறு கிடைக்காது, மரியாதையாகவே மறுப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் முந்தைய நாள் மாலை போன் செய்து பன்னிரண்டரைக்கு மேசை சொல்லுங்கள், மற்ற மாதங்களில் பன்னிரண்டேகாலுக்குள் போய் நின்றாலே போதும். நவம்பரிலிருந்து ஈஸ்டர் வரை குன்றின் மேலே பல இடங்கள் மூடியிருக்கும், அப்போது அடிவாரம்தான் கதி. ஜூலை 14ஐ ஒட்டி வருகிற க்ரான் ஃபோகோனியே விழா நாட்களில் ஊரே இடைக்கால உடுப்பில் நிரம்பி வழியும், பார்க்க வேண்டியதுதான், ஆனால் அன்றைக்கு நிதானமான மதிய மெனுவை எதிர்பார்க்க முடியாது, கையில் கூடையோடு போங்கள்.